தோட்டத்துக்கும் மார்க் வேண்டும்

சென்னையில் உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5ஆம் தேதி மரக்கன்று நடக் கூடாது என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கத்திரி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், தரை இன்னும் கொதிக்கும், கல்லூரியில் பிள்ளைகளே இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் ஒரு குழி, ஒரு பேனர், ஒரே கன்றைப் பத்துப் பேர் தொட்டுக்கொண்டு நிற்கும் ஒரு போட்டோ. அதை விட்டால் ஜூலை முதல் வாரத்தில் வனமகோத்சவம் என்ற மரம் நடு விழா. 1950இல் கே. எம். முன்ஷி மத்திய அமைச்சராக இருந்தபோது தொடங்கியது. தென்மேற்குப் பருவமழை வரும் காலம் என்று ஜூலையில் வைத்தார்கள், நாட்டின் பெரும்பகுதிக்கு அது சரி. நம் ஊரில் வருஷத்துக்குப் பெய்யும் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள்தான் வருகிறது. ஜூனில் நட்ட கன்று அந்த மழையைப் பார்க்க நான்கு மாதம் உயிரோடு இருக்க வேண்டும், எப்போதாவது வரும் சாயங்கால இடிமழையை நம்பி. பெரும்பாலும் இருப்பதில்லை. அடுத்த ஜூனில் அதே குழியில் அடுத்த கன்று.

நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். தாவரவியல் படித்தவள் இல்லை. ஆனால் சில வருஷமாக என் ஓவிய வகுப்பில் பாதி, நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு துண்டு நிலத்தில்தான் நடக்கிறது. அங்கே விதைக்கிறோம், வரைகிறோம், வேரைத் தோண்டிப் பார்க்கிறோம், இலையை ஊறவைத்துச் சாயம் எடுக்கிறோம். அந்த அனுபவத்தில் எனக்கு ஒன்று உறுதியாகப் பட்டுவிட்டது: பல்கலைக்கழகப் படிப்புக்குள் தோட்டம் ஒரு பாடமாக வர வேண்டும். கிரெடிட் உள்ள, பொறுப்பாக ஓர் ஆசிரியர் உள்ள, இந்த வருஷப் பிள்ளைகள் போனாலும் அடுத்த வருஷப் பிள்ளைகள் தொடரும் பாடமாக. ஆர்வம் உள்ளவர்கள் சனிக்கிழமை வந்து செய்யட்டும் என்று விட்டால், அந்த ஆர்வம் முதல் இன்டெர்னல் தேர்வு வரைக்கும்தான் தாங்கும்.

சுற்றுச்சூழல் பாடம்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. எம். சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் உத்தரவிட்டு, பிறகு மறுபடியும் வலியுறுத்தி, அதன் பேரில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றைத் தயாரித்து எல்லா இளநிலை மாணவர்களுக்கும் வைத்தது. அந்தப் பாடத்திட்டத்தில் களப்பணிக்கும் இடம் உண்டு, படித்துப் பாருங்கள், நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். நடப்பது என்னவோ ஒரு கைடு புத்தகமும் தேர்வுக்கு முந்தின ராத்திரியும்தான். ஓசோன் படலத்தைப் பற்றி ஐந்து மார்க் விடை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ஜன்னலுக்கு வெளியே நிற்பது புங்கையா பூவரசா என்று தெரிவதில்லை. பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, யாரும் அதை வெளியே கூட்டிக்கொண்டு போகவில்லை.

எங்கள் துண்டு நிலத்தைப் பற்றிச் சொல்கிறேன். பழைய கட்டடம் ஒன்றை இடித்துக் கொட்டிய இடம். எங்கள் வளாகத்தில் தோட்ட வேலை பார்க்கும் ஓர் அக்கா இருக்கிறார், செய்யூர் பக்கத்து ஊர்க்காரர், பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் அக்காதான். முதல் நாள் கடப்பாரையைப் போட்டுப் பார்த்துவிட்டு, "மேடம், இது மண்ணு இல்ல, ரப்பிஷ். எருக்கஞ்செடி வேணா வரும்" என்றார். சிமென்ட்டும் சுண்ணாம்பும் கலந்த மண் காரத்தன்மை ஏறிய மண். அதில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் புதுத் தளிர் மஞ்சளாக வரும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இதை ஒரு மாணவி கண்டுபிடித்த விதம் எனக்குப் பிடித்தது. செம்பருத்தி இலையைக் கலர் பென்சிலில் வரைந்துகொண்டிருந்தவள், "மேம், கீழே இருக்கிற பழைய இலைக்கு ஒரே பச்சை போதும், மேலே புது இலைக்கு மட்டும் ரெண்டு கலர் எடுக்க வேண்டியிருக்கு, ஏன்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு வேதியியல் துறையிலிருந்து ஒருவரை அழைத்துவர வேண்டியிருந்தது. வரையும்போதுதான் கண் அவ்வளவு நேரம் ஓர் இலை மேல் நிற்கிறது. ஓவியத்தையும் தோட்டத்தையும் ஒரே பாடமாக வைக்கச் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சென்னை முழுக்க ஒரே மண் இல்லை என்பதையும் பிள்ளைகள் இங்கேதான் தெரிந்துகொண்டார்கள். கடலோரத்தில் மணல், உள்ளே போகப் போகப் பெரும்பாலும் களிமண், கிண்டி, வேளச்சேரி பக்கம் கீழே பாறை. ஒவ்வொருவரும் தன் தெருவிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து, பசை சேர்த்துக் குழைத்துத் தாளில் பூசி, பக்கத்தில் ஊர்ப் பெயர் எழுதினார்கள். பட்டினப்பாக்கமும் பூந்தமல்லியும் ஒரே சுவரில் வேறு வேறு நிறமாகத் தொங்கின.

ரப்பிஷ் மண்ணை வழிக்குக் கொண்டுவர அக்கா சொன்னது பலதானிய விதைப்பு. தானியம், பயறு, எண்ணெய் வித்து, மசாலாப் பயிர், பசுந்தாள் உரம் என்று ஐந்து வகையிலும் கலந்து விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி மண்ணோடு சேர்த்துவிடுவது. இதைத் தமிழ்நாட்டில் ஊர் ஊராகக் கொண்டுபோனவர் நம்மாழ்வார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, அங்கே நடக்கும் ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்கு உதவவில்லை என்று வெளியே வந்தவர். கல்விக்கூடத்துக்கும் நிலத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி என்ன என்று கேட்கிற மாணவருக்கு அவர் வாழ்க்கையைத்தான் முதலில் சொல்கிறேன்.

மண் கொஞ்சம் பொலபொலவென்று ஆனதும் எல்லாருக்கும் கீரை போட ஆசை. நான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். நிலத்தை ஒட்டிப் பெரிய ரோடு போகிறது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 வரை விற்றது, பழைய பெயின்ட்டிலும் ஈயம் உண்டு, ஈயம் மண்ணில் விழுந்தால் தானாகப் போகாது, கீரை வகைகள் இந்த மாதிரி உலோகங்களை இழுத்துக்கொள்ளும். மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வருவதற்குள் அவர்களுக்கு மெல் சின் செய்ததைக் காட்டினேன். அமெரிக்கக் கலைஞர். 1991இல் மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில், குப்பை கொட்டிக் கெட்டுப்போன நிலத்தில், ரூஃபஸ் சேனி என்ற மண் விஞ்ஞானியுடன் சேர்ந்து, காட்மியம், துத்தநாகம் போன்றவற்றை வேரால் உறிஞ்சும் செடிகளை நட்டார். சதுர வேலி, உள்ளே வட்டம், குறுக்கும் நெடுக்கும் நடைபாதை. மேலிருந்து பார்த்தால் ஓவியம், கீழே நின்று பார்த்தால் ஆய்வுக் களம். சில செடிகள் நிஜமாகவே காட்மியத்தை எடுத்தன, விஞ்ஞானிக்குத் தரவு கிடைத்தது. கொடுங்கையூர் குப்பைமேட்டைத் தாண்டித்தான் தினமும் கல்லூரிக்கு வருகிற ஒரு பையன் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் தன் நோட்டில் கொடுங்கையூரின் வரைபடத்தைப் போட ஆரம்பித்தான், இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறான்.

சூழலியல் கலை என்றதும் எல்லாரும் காட்டுவது 1982ஆம் வருஷத்தின் இரண்டு வேலைகளை. ஆக்னஸ் டெனஸ் நியூயார்க்கின் மன்ஹாட்டனில், உலக வர்த்தக மையக் கோபுரங்களுக்குப் பக்கத்தில், மண் கொட்டி நிரப்பிய இரண்டு ஏக்கரில் கோதுமை விளைவித்து அறுவடை செய்தார். பின்னால் வானளாவிய கட்டடங்கள், முன்னால் பொன்னிறக் கதிர். பிள்ளைகள் அந்தப் படத்தில் மயங்கிவிடுகிறார்கள், நானும்தான். ஆனால் வகுப்பறைக்கு அதைவிட எனக்குத் தேவைப்படுவது ஜோசஃப் பாய்ஸ். அவர் டுசல்டார்ஃப் கலை அகாடமியில் பேராசிரியராக இருந்தவர். விண்ணப்பித்த எல்லா மாணவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அடம்பிடித்ததில் 1972இல் வேலை போனது. அடுத்த வருஷம் எழுத்தாளர் ஹைன்ரிச் பெல்லுடனும் மற்றவர்களுடனும் சேர்ந்து சுதந்திரப் பன்னாட்டுப் பல்கலைக்கழகம் என்று ஒன்றைத் தொடங்கினார். அதன் வழியாகத்தான் 1982இல் ஜெர்மனியின் காசல் நகரில் 7,000 ஓக் மரங்கள் நடும் வேலை ஆரம்பமானது. ஒரு மரத்துக்கு ஒரு கருங்கல் தூண். கற்களை எல்லாம் முதலிலேயே அருங்காட்சியகத்தின் முன்னால் குவித்துவிட்டார்கள், ஒரு மரம் நட்டால்தான் ஒரு கல் அங்கிருந்து நகரும், ஊர்க்காரர்கள் தினமும் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பாய்ஸ் 1986 ஜனவரியில் இறந்துவிட்டார். கடைசி மரத்தை 1987இல் அவர் மகன் நட்டார். தொடங்கியவர் முடிக்க மாட்டார் என்று தெரிந்தே தொடங்குகிற வேலை. பல்கலைக்கழகம் என்பதே அப்படிப்பட்ட இடம்தானே, ஒரு பேட்ச் விட்டுப்போனதை அடுத்த பேட்ச் எடுத்துச் செய்கிற இடம்.

அந்த மாதிரித் தொடர்ந்து நிற்கிற பல்கலைக்கழகத் தோட்டத்துக்கு உதாரணம் கேட்டால் கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ். 1967இல் ஆலன் சாட்விக் என்ற ஆங்கிலேயர், முன்பு நாடக நடிகர், அந்த வளாகத்தின் ஒரு சரிவில் கை ஆயுதங்களை மட்டும் வைத்துக்கொண்டு மாணவர்களோடு தோட்டம் போட ஆரம்பித்தார். அது வளர்ந்து, பண்ணையாகி, வெளியூர்க்காரர்களும் வந்து தங்கிப் பழகும் பயிற்சியாக ஆனது. தோட்டம் இன்றைக்கும் இருக்கிறது. நம் பக்கத்தில், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் அந்த இடத்துக்கு மாறியபோது கிடைத்த புதர்க்காட்டில் மரம் மரமாக நட்டு வளர்த்தவர் எட்வர்ட் பார்ன்ஸ் என்ற பேராசிரியர். அவர் சொல்லிக்கொடுத்தது வேதியியல். இதை எங்கள் வேதியியல் துறையில் அடிக்கடி சொல்லி வைக்கிறேன்.

சாந்திநிகேதனைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1928இல் தாகூர் அங்கே மரம் நடு விழாவைத் தொடங்கினார், கன்றைப் பல்லக்கில் வைத்து, பாட்டும் ஆட்டமுமாக ஊர்வலம் வந்து நட்டார்கள். அங்கே கலாபவனம் என்ற கலைப் பள்ளியில் நந்தலால் போஸ் மாணவர்களை வெளியே உட்காரவைத்து வரையச் சொன்ன இடம் அது, கொஞ்ச தூரத்தில் ஸ்ரீநிகேதனில் விவசாயம். ஆக, விழாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் எத்தனை விழா வேண்டுமானாலும் வைக்கலாம். தாகூரின் நண்பர் பேட்ரிக் கெடிஸ் ஸ்காட்லாந்தின் டன்டீயில் தாவரவியல் பேராசிரியர், எடின்பரோவின் நெருக்கடியான பழைய குடியிருப்புகளுக்கு நடுவே சின்னச் சின்னத் தோட்டங்கள் போட்டவர். நகரங்களைப் பற்றிய அவருடைய கண்காட்சியை மதராஸுக்குக் கொண்டுவந்த கப்பலை 1914இல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது, செப்டம்பரில் நம் துறைமுகத்தின் மேல் குண்டு போட்ட அதே எம்டன். நண்பர்கள் மறுபடி படங்களும் வரைபடங்களும் சேகரித்து அனுப்ப, 1915இல் கண்காட்சி இங்கே நடந்தது. தாவரவியல்காரர் ஒருவர் ஊரைச் செடி மாதிரி பார்க்கக் கற்றுக்கொடுத்தது நம் ஊரில் நூறு வருஷத்துக்கு முந்தின கதை.

அதற்கும் முன்னாலேயே ஓவியமும் செடியும் இங்கே ஒரே மேசையில் இருந்தன. ராபர்ட் வைட், கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர், 1838 முதல் 1853 வரை தென்னிந்தியத் தாவரங்களின் படத் தொகுதிகளை மதராஸிலேயே கல்லச்சில் அடித்து வெளியிட்டார், 2,000க்கும் மேற்பட்ட படங்கள். வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைத்தார் வைட். கோவிந்துவின் படங்களை வகுப்பில் திரையில் போட்டு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பூவும் காயும் ஒரே சமயத்தில் வராத செடி, ஆனால் ஒரே தாளில் இரண்டும் இருக்கிறது, எப்படி? யாரோ காத்திருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி போயிருக்க வேண்டும். ஒரு செமஸ்டரில் முடிகிற வேலை இல்லை அது. இன்னொரு மருத்துவரான அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அந்த மரபில் வந்த ஊரில், ஓவியம் படிக்கிற பிள்ளை செடியைக் கூகுளில் தேடி வரைவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இனி எங்கள் சாயப் பாத்தி. தோட்டத்தில் என் மனசு இருக்கும் இடம் அதுதான்.

நீலச் சாயம் தரும் அவுரி எளிது. ஆடியில் விதைத்தால் மூன்று மாதத்தில், பூக்கும் முன்னால், அறுத்துவிடலாம். பயறு வகைக் குடும்பம், மண்ணுக்கும் தழைச்சத்து சேர்க்கும். திண்டிவனம் பக்கம் இன்னும் பயிரிடுகிறார்கள், நாட்டுமருந்துக் கடையில் தலைக்குப் போடும் அவுரிப் பொடியாகக் கிடைக்கிறது. இலையை ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் இலையை எடுத்துவிட்டு அந்தத் தண்ணீரைக் குச்சியால் அடி அடியென்று அடிக்க வேண்டும். காற்று கலக்கக் கலக்கப் பச்சை மஞ்சளாக இருந்த தண்ணீர் நீலமாகும், நுரையும் நீலமாகும், பிறகு நீலம் அடியில் படியும். படிந்ததை அப்படியே துணியில் ஏற்ற முடியாது, காரத் தொட்டியில் நொதிக்க வைத்து மறுபடி கரைய வைக்க வேண்டும். அந்தத் தொட்டியிலிருந்து துணியை எடுக்கும்போது பச்சையாக வரும், கண் முன்னால் நீலமாக மாறும். முதல் தடவை பார்க்கும்போது பிள்ளைகள் கத்துவார்கள். ஆக்சிஜனேற்றம் என்று பள்ளியில் எழுதி மார்க் வாங்கியவர்கள்தான், கையில் பார்க்கும்போது கத்துகிறார்கள்.

சாயவேர் அப்படி இல்லை. கடலோர மணலில் தரையோடு வளரும் சின்னச் செடி, பொடிப் பொடியாக வெள்ளைப் பூ. சிவப்பு எல்லாம் வேரில். நல்ல சிவப்பு வேண்டுமென்றால் இரண்டாம் வருஷம் வரை தோண்டாமல் விட வேண்டும். கோரமண்டல் கரைத் துணிகளின் பேர்போன சிவப்பு இதிலிருந்துதான் வந்தது, ஆங்கிலேயர்கள் இந்தக் கரையில் கோட்டை கட்டியதே துணி வியாபாரத்துக்குத்தான். வேரில் இருக்கும் நிறப்பொருள் அலிசரின். 1860களின் கடைசியில் ஐரோப்பாவில் அதை நிலக்கரித் தாரிலிருந்து தயாரிக்கக் கற்றுக்கொண்டார்கள், அதன் பிறகு இந்த வேரைத் தோண்டிப் பிழைத்தவர்களின் தொழில் படுத்துவிட்டது. பாத்தியைச் சுற்றி உட்கார்ந்து இதைப் பேசும்போது ஒரே வேரில் வேதியியலும் வணிக வரலாறும் ஓவியமும் இருக்கிறது, தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல வேண்டிய அவசியமே வருவதில்லை.

துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்ததில் நனைத்துக் காயவைக்கிறோம், துணியில் கையால் ஓவியம் தீட்டும் கலம்காரிக்காரர்கள் செய்வதுதான்; பால் சேர்த்தால் மை பரவாது. கறுப்புக்கு இரும்புத் துண்டும் வெல்லமும் போட்டுப் பானையில் புளிக்கவிட்ட தண்ணீர். படிகாரம் தொட்ட இடத்தில் மட்டும் சாயவேர் சிவப்பு பிடிக்கும். திருவான்மியூர் கலாக்ஷேத்திராவில் ருக்மிணி தேவி நடனத்தோடு கைத்தறிக்கும் கலம்காரிக்கும் ஒரே வளாகத்தில், மர நிழலில் இடம் கொடுத்தார். மணல்வெளியாக இருந்த இடத்தில் மரம் வளர்த்துப் பிறகு அதன் கீழே வகுப்பு. அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள்தான் எங்கள் பாத்திக்கு அழுத்தம் கொடுத்தார்கள், நான் இல்லை.

இதெல்லாம் சரி. எனக்குத் தூக்கம் கெடுத்த ஒரு பேச்சு உண்டு, அதையும் எழுதியாக வேண்டும். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவரின் அப்பா, கூலி வேலை செய்து மகனைப் படிக்க வைப்பவர், ஒருநாள் வந்தபோது மகன் மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. என்னிடம் வந்து, "நாங்க மண்ணுல கெடந்தது போதும்னுதான் மேடம் இவன இங்க அனுப்பினோம்" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியாது. மண் வேலை இந்த நாட்டில் எல்லார் தலையிலும் சமமாக எழுதப்படவில்லை. சாதி பார்த்துத்தான் எழுதப்பட்டது. மண்ணைத் தொடுவது புண்ணியம், மனசுக்கு அமைதி என்று பேசுவது, அதைத் தொட்டே ஆக வேண்டிய கட்டாயம் ஒருபோதும் இல்லாதவர்களுக்குச் சுலபம். அதனால்தான் விருப்பமுள்ளவர்கள் வரட்டும் என்பதை எதிர்க்கிறேன். விருப்பம் என்று விட்டால், களை எடுக்கத் தெரிந்த பிள்ளையின் தலையில் களை எடுப்பும், கேமரா வைத்திருக்கும் பிள்ளையின் கையில் கேமராவும் போய்ச் சேரும். எல்லாரும் தோண்ட வேண்டும், எல்லாரும் வரைய வேண்டும், இரண்டுக்கும் ஒரே மார்க். அந்த மகனுக்கு நாற்றின் வயதைப் பார்த்தவுடன் சொல்லத் தெரியும், நிழல் விழும் திசையைப் பார்த்துப் பாத்தியைத் திருப்பிப் போடத் தெரியும். அதுவரை எந்தப் படிவத்திலும் அது ஓர் அறிவாகப் பதிவாகவில்லை. மார்க் ஷீட்டில் வந்தால் அப்பாவுக்கும் காட்டலாம்.

இதன் இன்னொரு முகம் அக்காவின் சம்பளம். பிள்ளைகள் தோட்டத்தில் இறங்கிய பிறகு, ஒப்பந்தத் தோட்ட ஆட்களில் ஒருவரைக் குறைக்கலாமே என்று நிர்வாகத்தில் ஒரு பேச்சு வந்தது. துறையில் எல்லாருமாகச் சேர்ந்து எதிர்த்தோம், அது நின்றது. பாடமாகத் தோட்டம் வைக்கும் எந்தக் கல்லூரியும் முதல் வரியாக இதை எழுதிக்கொள்ள வேண்டும்: மாணவரின் உழைப்பைக் காட்டி ஒரு தொழிலாளியின் வேலையும் போகக் கூடாது. அதோடு, தோட்டக்காரரை ஆசிரியராகச் சேர்க்க வேண்டும். யுஜிசி 2022இல் கொண்டுவந்த நடைமுறைப் பேராசிரியர் திட்டத்தில் முறையான பட்டம் கட்டாயமில்லை, துறையில் நீண்ட அனுபவம் வேண்டும், 15 வருஷம் என்று இருக்கிறது. அக்காவுக்கு மண்ணோடு அதைவிட நீண்ட பழக்கம். அந்தத் திட்டம் கம்பெனி அதிகாரிகளை மனதில் வைத்து எழுதியது என்று எனக்குத் தெரியும், உயர் பதவி அனுபவம் என்றெல்லாம் அதில் வருகிறது. அப்படியானால் நம் தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் அளவில் ஒரு பதவியை உருவாக்கட்டும். மணிக்கணக்கு மதிப்பூதியம், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஒரு நாற்காலி, கையெழுத்துப் போடும் உரிமை. எங்கள் வைவாவில் அக்கா உட்காருகிறார், இப்போதைக்கு என் அழைப்பில். அவர் கேட்கும் கேள்விகள் என் கேள்விகளைவிடக் கடினம். "இந்தச் செடிக்கு நீ கடைசியா எப்ப தண்ணி விட்ட? எவ்ளோ நேரத்துல மண்ணு அத குடிச்சிச்சு?"

மார்க் எப்படிப் போடுவது என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. செடி பிழைத்ததா என்று பார்த்துப் போட்டால் அநியாயம், நாய் தோண்டிவிடும், புயல் வரும். 2016 டிசம்பரில் வர்தா இந்த ஊரில் எத்தனை பெரிய மரங்களைச் சாய்த்தது என்று எல்லாரும் பார்த்தோம். நாங்கள் பார்ப்பது நோட்டை. வாரா வாரம் ஒரே செடியை வரைந்த நோட்டு. செத்துப்போன செடிக்கும் மார்க் உண்டு: பிடுங்கி, வேரைக் கழுவி, முழு நீளத்தில் வரைந்து, ஏன் செத்தது என்று தனக்குத் தோன்றியதைப் பக்கத்தில் எழுத வேண்டும். வேர் சுருண்டு முடிச்சாக இருந்தால் நர்சரிப் பையிலேயே ரொம்ப நாள் கிடந்திருக்கிறது, அழுகியிருந்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. கடைசியாக, அடுத்த பேட்ச்சுக்கு ஒரு கடிதம். எந்தப் பாத்தியில் என்ன இருக்கிறது, எதைத் தொடக் கூடாது, எந்தக் குழாய் ஒழுகும். இந்தக் கடிதத்துக்குத்தான் நான் அதிக மார்க் வைத்திருக்கிறேன். தனக்குப் பின்னால் வருகிறவர் புரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதும்போது நம் பிள்ளைகளின் தமிழ் எவ்வளவு தெளிவாகிறது என்று பார்த்தால் தமிழ்த்துறையே சந்தோஷப்படும்.

மதுரை, விருதுநகர் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு வருஷம் முளைப்பாரி போட்டார்கள். இருட்டறையில் வளர்ந்து வெளிறிய மஞ்சளில் நின்ற முளைகள். விதை நல்ல விதையா என்று ஊரே சேர்ந்து பார்க்கும் சோதனை அது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கும்மிப் பாட்டு உண்டு, கையில் ஏந்திய பானையின் அழகு உண்டு, ஊர்வலம் உண்டு, கடைசியில் எல்லாம் தண்ணீரோடு போய்விடும். சூழலியல் கலை என்ற தலைப்பில் எந்த வெளிநாட்டுப் படத்தையும் காட்டுவதற்கு முன்னால் இதைக் காட்டியிருக்கலாமே என்று ஒரு மாணவி சொன்னாள். அவள் சொன்னதுதான் சரியான வரிசை. இப்போது பாடம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

மிச்சமிருப்பது கோடை. ஏப்ரலில் தேர்வு, பிறகு ஹாஸ்டல் காலி, மே முழுக்க நெருப்பு. வளாகத் தோட்டங்கள் சாவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். நாங்கள் கண்ட வழிகள் சொல்கிறேன். ஒன்று பானைப் பாசனம்: மெருகு பூசாத மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட்டால் வேருக்கு மெல்ல மெல்லக் கசியும். பானையைக் களிமண் வகுப்புப் பிள்ளைகளே செய்கிறார்கள், அதுவும் கலை வேலைதான், வெளியே தெரியாமல் மண்ணுக்குள் இருக்கும் கலை வேலை. இன்னொன்று ஏசி தண்ணீர்: கணினி ஆய்வகத்தின் ஏசிகளிலிருந்து சொட்டுவதைக் குழாய் போட்டு டிரம்மில் பிடிக்கிறோம், உப்பே இல்லாத தண்ணீர். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரையும் சேர்த்து ஊற்றலாமா என்று கேட்பார்கள், வேண்டாம், அதில் உப்பு திரண்டிருக்கும், தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். 2019 கோடையில் நான்கு ஏரிகளும் வற்றிக் குடத்தோடு தெருவில் நின்ற ஊர் இது. குடிதண்ணீரைச் செடிக்கு ஊற்றும் தோட்டத்தை இங்கே யாரும் பாடம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஒப்புக்கொள்ளவும் கூடாது.

ஆனால் பானையும் டிரம்மும் ஆள் இல்லாமல் நிரம்பாது. மே மாதத்துக்கு இரண்டு மாணவர்களுக்கு உதவித்தொகையும் தங்க இடமும் வேண்டும், அக்காவுக்குக் கூடுதல் சம்பளம் வேண்டும். ஒரு மரம் நடு விழாவின் பேனர், பொன்னாடை, சாப்பாட்டுச் செலவை இந்தப் பக்கம் திருப்பினாலே பெரும்பகுதி ஆகிவிடும். பாடத்திட்டக் குழுவுக்கு நான் கொடுத்திருக்கும் வரைவில் இது தனிப் பத்தியாக இருக்கிறது: இரண்டு வருஷம் ஓடும் பாடம், ஆடியில் தொடக்கம், மரக்கன்று என்றால் செப்டம்பர் கடைசியில் குழி, முதல் நல்ல மழைக்குப் பிறகு நடவு, கோடைக்கு ஆள். இரண்டு வருஷம் என்று கேட்டதற்கு ஒரே காரணம் சாயவேர்தான், அது இரண்டாம் வருஷம்தான் தயாராகும். குழுவில் ஒருவர் ஒரு செமஸ்டராகச் சுருக்க முடியாதா என்று கேட்டார். முடியாது என்று சொன்னேன். அடுத்த கூட்டத்தில் மறுபடி பேசப்போகிறோம், இந்தத் தடவை அக்காவையும் கூட்டிக்கொண்டு போகிறேன், நோட்டுகளையும் சாயம் ஏற்றிய துணிகளையும் எடுத்துக்கொண்டு.

சென்னையில் வேறு கல்லூரிகளில் இந்த மாதிரி முயற்சி செய்கிறவர்கள் இருந்தால் எங்களிடம் அவுரி விதை நிறைய இருக்கிறது, தருகிறோம். சாயவேர் விதை கொஞ்சம்தான், மணல் பாங்கான இடம் வைத்திருப்பவர்களுக்கு முதலில் கொடுக்கலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள். ஆடிக்குள் கேளுங்கள்.